முதல் வீட்டில் தங்கிவிட்ட முடிவு

கோவில்பட்டியில் நாங்கள் குடியிருந்த மில் லைனின் முதல் வீட்டு மதினியைப் பதினாறு தடவை கொலைகாரியாக்கியவள் நான். விஷம், தலையணை, மாடிப்படியில் ஒரு தள்ளு, எல்லாம் அவள் கையாலேயே நடந்தன. காகிதத்தில்தான். ஆனாலும் ஒவ்வொரு கொலையையும் எழுதி முடித்த அன்று எனக்குச் சோறு நன்றாக இறங்கியது. மதினி என்று உறவுமுறை சொல்கிறேனே தவிர, 'அவர்' போட்டு எழுத இன்றைக்கும் கை வரவில்லை. அவள் என்னைவிட பத்து வயது மூத்தவள். இருக்கட்டும்.

லைன் என்றால் ஆறு வீடு. ஒரே ஓட்டுக்கூரையின் கீழ், சுவருக்குச் சுவர் ஒட்டி. ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் மற்ற ஐந்து வீட்டிலும் சோறு கூடுதலாகச் செலவாகும். அப்பா மில்லில் மூன்று ஷிப்டும் மாறி மாறி வேலை பார்த்தார். அம்மா வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டிக் கம்பெனிக்குப் பெட்டி ஒட்டினாள். நாங்கள் ஆறாம் வீடு. முதல் வீட்டு அண்ணாச்சி, அதாவது மதினியின் வீட்டுக்காரர், மில்லில் மேஸ்திரி. அப்பாவுக்கு எந்த ஷிப்ட், எந்த மிஷின் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். அதனால் எங்கள் வீட்டில் முதல் வீட்டாரைப் பற்றி உரக்கப் பேசுவதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டு கடையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை வாங்கி வருவார். அன்றைக்கு அது மதினியிடம் இருக்கும். வெள்ளிக்கிழமை இரண்டாம் வீடு, சனிக்கிழமை மூன்றாம் வீடு என்று வீட்டுக்கு ஒரு நாளாக நகர்ந்து, செவ்வாய்க்கிழமை எங்களிடம் வரும். வந்து சேரும்போது அட்டையில் எண்ணெய்க் கை, நடுப்பக்கத்தில் சோற்றுப் பருக்கை, சினிமாப் பக்கத்து நடிகைக்குப் பேனா மீசை. எங்களுக்குப் பிறகு அது பழைய பேப்பர். ஆகவே பிடித்த பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொள்ளும் உரிமை கடைசி வீட்டுக்கு உண்டு. யாரும் சொல்லிவைக்காத வழக்கம் அது. ஓசியில் படிக்கிற புத்தகத்துக்கு உனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று அம்மா பின்னால் பலமுறை கேட்டிருக்கிறாள். அவளுக்குத் துப்பறியும் கதையின் அருமை தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் அந்தப் பத்திரிகையில் வாராவாரம் ஒரு குற்றச் சிறுகதை வந்தது. எழுதியவர் அப்போது கொடிகட்டிப் பறந்த துப்பறியும் நாவலாசிரியர். பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை அவருடைய மாத நாவல்கள் கிளிப்பில் தொங்கும். அட்டையில் ஒரு கத்தியும் ஒரு பெண்ணும் இல்லாமல் அவர் நாவல் வந்ததில்லை. அவற்றை வீட்டுக்குள் கொண்டுவர அப்பா விடமாட்டார். பத்திரிகையில் வருவது மட்டும் மேஸ்திரி வீட்டுப் பத்திரிகை என்பதால் தப்பித்தது. மூன்று பக்கக் கதை. முதல் பக்கத்தில் பிணம் விழும். இரண்டாம் பக்கத்தில் நாலைந்து பேர்மேல் சந்தேகம் விழும். மூன்றாம் பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஆள் பிடிபடுவான்.

நான் அப்போது பி.காம் இரண்டாம் வருடம். கையில் பென்சிலோடுதான் உட்காருவேன். யார் கையில் காயம், யார் பொய் சொல்கிறான் என்று துப்புகளுக்கெல்லாம் அடியில் கோடு போட்டு, கதாசிரியர் பிடிப்பதற்கு முன்னால் நான் பிடித்துவிட வேண்டும். அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை வேறு எதிலும் கண்டதில்லை. தொடர் முடிந்ததும் எல்லாக் கதையையும் சேர்த்து பைண்டு பண்ணி வைத்துக்கொள்வதாகத் திட்டம். எனக்கென்று ஒரு புத்தகம் அதுவரை இருந்ததில்லை. பாடப்புத்தகம்கூட முந்தின வருடத்துப் பெண்கள் கொடுத்ததுதான்.

இனி என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மதினிக்குக் குறுக்கெழுத்துப் போட்டியில் அப்படியொரு பிரியம். எல்லாக் கட்டத்தையும் சரியாக நிரப்பி, அந்தக் கட்டத்தையே வெட்டி ஒட்டி அனுப்புகிறவர்களுக்கு பிரஷர் குக்கர் பரிசு. அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. பென்சிலால் ஏதோ நிரப்பிப் பார்ப்பாள், பாதியில் நிற்கும், அப்படியே அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். ஒருநாள் குழாயடியில் இருந்தோம். எங்கள் ஊரில் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிய காரியம். வந்துவிட்டால் லைனே அங்கேதான் நிற்கும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, ஒரு கட்டத்துக்குத் தான் நினைத்த விடையைச் சொல்லி, சரிதானா என்று என்னிடம் கேட்டாள். சரியில்லை. அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நான், "இது எங்க வீட்டுக் கோழிக்குக்கூடத் தெரியுமே மதினி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, தொடரின் மூன்றாவது கதையோடு பத்திரிகை வந்தது. கதையை எடுத்தேன். ஒரு எஸ்டேட் பங்களா, செத்துப்போன முதலாளி, வரிசையாக நிற்கும் ஐந்து பேர். இன்ஸ்பெக்டர் ஒருவர் பக்கமாகத் திரும்பி வாயைத் திறக்கிறார். அதற்குக் கீழே கதை இல்லை. சதுரமாக ஓட்டை. ஓட்டை வழியாக என் மடி தெரிந்தது.

குறுக்கெழுத்துக் கட்டம் அச்சாகியிருந்தது கதையின் கடைசிப் பக்கத்துக்குப் பின்பக்கம். கட்டத்தை வெட்டினால் கொலைகாரனும் அதோடு போவான். வேண்டுமென்றே செய்தாளா என்று அன்றைக்கு எனக்குச் சந்தேகமே இல்லை. ஓடிப்போய், முடிவையாவது சொல்லிவிடுங்கள் மதினி என்று கேட்டேன். வாசித்ததாகவும், மறந்துபோய்விட்டதாகவும் சொன்னாள். அடுத்த வாரமும் ஓட்டை. அடுத்த வாரமும் மறந்துபோய்விட்டது. ஒரு வாரமாவது அவளுக்கு ஞாபகம் இருக்கும் என்று நான் எட்டு வாரம் போய் நின்றேன். நடுவில் இருந்த நான்கு வீட்டுக்காரர்களும் அந்த ஓட்டைக் கதைகளைத்தான் படித்தார்கள். முனகினார்களே தவிர, மேஸ்திரி சம்சாரத்திடம் போய் யார் கேட்பது.

பொது நூலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பிரதியிலும் சதுர ஓட்டை. கோவில்பட்டியில் பாதிப் பேருக்குக் குக்கர் வேண்டியிருந்தது போல. கடையில் நின்று புரட்டலாம் என்றால், அப்பாவோடு வேலை பார்ப்பவர்கள் டீ குடிக்கிற இடம் அது. ஆக, இரண்டு முழுக் கதைகளும், வாரத்துக்கொன்றாகப் பெருகும் முடிவில்லாத கதைகளும் என் தகரப்பெட்டியில் சேர்ந்தன. ராத்திரி அப்பா ஷிப்டுக்குப் போனதும் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு மதினியைத் திட்டுவேன். வாய்க்குள்ளேதான். அவள் வீட்டு அம்மி உடைய வேண்டும், அவள் அரைத்த மாவு புளித்துப்போக வேண்டும் என்று சின்னச் சின்னதாக ஆரம்பித்தது. போகப்போக அவையெல்லாம் போதவில்லை.

ஒன்பதாவது வாரம் ஒரு கோடு போட்ட தாளை எடுத்து, ஓட்டையின் அளவுக்கு வெட்டி, முடிவை நானே எழுதினேன். முதல் சில கதைகளுக்கு நியாயமாகத்தான் எழுதினேன். துப்பெல்லாம் எந்தப் பக்கம் காட்டியதோ அந்த ஆளைப் பிடித்துக் கொடுத்தேன். பிறகு ஒரு கதையில் ஒரு சமையல்காரி வந்தாள். அவள்மேல் ஒரு துப்பும் இல்லை. இருந்தாலும் அவளைத்தான் கொலைகாரியாக்கினேன். எழுதும்போது, ஈரக் கையை முந்தானையில் இரண்டு தடவை துடைக்கிற பழக்கம் அவளைக் காட்டிக்கொடுத்தது என்று ஒரு வரி சேர்த்தேன். மதினி அப்படித்தான் துடைப்பாள். ஒட்டி முடித்துப் படித்துப் பார்த்தபோது உடம்பெல்லாம் குளிர்ந்தது.

அதன்பின் பெண் வருகிற கதையெல்லாம் மதினிக்குத்தான். ஒன்றில் பாதத்தை உள்பக்கம் திருப்பி நடக்கிற நர்ஸ். ஒன்றில் சிரித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்ளும் தங்கச்சி. எல்லா அடையாளத்தையும் ஒரே கதையில் வைக்கிற அளவுக்கு நான் மடச்சி இல்லை. ஆனால் ஒரு கதையில் மட்டும் என்னால் அடக்க முடியவில்லை. படுக்கையில் கிடக்கிற பணக்காரக் கிழவி ஒருத்தி காலையில் செத்துக் கிடக்கிறாள். மகன், மருமகள், டாக்டர், வேலைக்காரன் என்று நாலு பேர்மேல் சந்தேகம். நான் மருமகளைப் பிடித்தேன். இடது புருவத்தை இரண்டாகப் பிரிக்கிற வெட்டுத் தழும்புள்ள மருமகள், மாமியாரின் ராத்திரிக் கஞ்சியில் தூக்கமாத்திரையைக் கரைத்துக் கொடுத்தாள் என்று எழுதினேன். அந்தத் தழும்பு எங்கள் லைனில் ஒரே ஆளுக்குத்தான் உண்டு. அவளுடைய மாமியார் அப்போது நன்றாக நடமாடிக்கொண்டு, எங்களோடு குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

தொடர் நாற்பது கதையோடு நின்றது. இரண்டு முழுசு, முப்பத்தெட்டு என்னுடைய முடிவோடு. எல்லாவற்றையும் அம்மா பெட்டி ஒட்டுவதற்கு மயில்துத்தம் போட்டுக் காய்ச்சும் மைதாப் பசையில் ஒட்டியிருந்தேன், பூச்சி அரிக்காது. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பைண்டர் நூல் போட்டுத் தைத்து, சிவப்புக் காலிகோத் துணியில் முதுகு வைத்துக் கொடுத்தார். கதாசிரியர் பெயரையும் 'நாற்பது குற்றக் கதைகள்' என்பதையும் நானே கொட்டை எழுத்தில் எழுதினேன். கடைப் புத்தகம் தோற்றது.

லைனில் எல்லாருக்கும் முடிவு தெரியாத குறை இருந்ததால் புத்தகத்துக்கு அடிதடி. கையெழுத்தில் இருக்கிறதே என்று கேட்டவர்களிடம், காலேஜ் சிநேகிதி வீட்டில் அதே பத்திரிகை வாங்குகிறார்கள், அதைப் பார்த்து எழுதினேன் என்றேன். பொய். ஆனால் எல்லாரும் நம்பினார்கள். இரண்டாம் வீட்டுச் சித்தி குழாயடியில் மதினியைப் பார்த்து, அந்தக் கதாசிரியர் ஒங்கள எங்கன வச்சுப் பாத்தாரு, அச்சு அசல் எழுதியிருக்காரே என்று கேட்டாள். ஐந்து குடமும் சிரித்தது. எனக்கு அந்த ஒரு சிரிப்புக்காக நாற்பது வாரம் காத்திருந்தது தகும் என்று இருந்தது.

மதினியும் முறைப்படி புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். மூன்று நாள் வைத்திருந்து கொண்டுவந்து கொடுத்தாள். அவள் ஒருத்திதான் எல்லாக் கதையின் உண்மையான முடிவையும் படித்தவள். நான் சொன்னது பொய் என்று தெரிந்த ஒரே ஆள். வாசலில் நின்று, "நல்லா எழுதிருக்காவ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த ஐப்பசியில் மதினியின் மாமியார் படுக்கையில் விழுந்தார். நெஞ்சு அடைக்கிறது என்று மில் ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு தடவை வந்து பார்த்தார். ஒரு வாரத்தில், காலையில் எழுப்பப் போனபோது உயிர் இல்லை. எனக்கு அந்தக் கதை ஞாபகத்துக்கு வந்ததா என்றால், சத்தியமாக வரவில்லை. கோலத்தை அழித்துவிட்டு நானும் அம்மாவும் போய் உட்கார்ந்தோம்.

பத்து மணிவாக்கில் எப்போதும்வென்றான் ஊரிலிருந்து செத்தவரின் மகள், மதினியின் நாத்தனார், வேனில் ஆட்களோடு வந்து இறங்கினாள். அம்மாவை யார் வைத்துப் பார்ப்பது என்று அவளுக்கும் மதினிக்கும் ஏற்கெனவே பேச்சுவார்த்தை சரியில்லை. கட்டிப்பிடித்து அழுதாள், ஒப்பாரி வைத்தாள். பிறகு நான்காம் வீட்டுக்காரியோடு பின்பக்கம் போனாள். அந்த நான்காம் வீட்டுக்காரி நல்ல எண்ணத்திலேயோ கெட்ட எண்ணத்திலேயோ புத்தகத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க, நீர்மாலைக்குப் புறப்படுகிற நேரத்தில் நாத்தனார் வந்து பிணத்தின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"ராத்திரி கஞ்சி குடுத்தது யாரு? போலீஸ் வந்து பாக்காம எங்க அம்மைய எடுக்க விடமாட்டேன்."

பந்தலில் சங்கு நின்றுவிட்டது. கஞ்சி கொடுத்தது மதினிதான். தினமும் அவள்தான் கொடுப்பாள். கதையில் வந்தால் நிஜமாகிவிடுமா என்று மேஸ்திரி அண்ணாச்சி கத்தினார். கதையை மூன்று நாள் வீட்டில் வைத்துப் படித்துவிட்டுத்தானே செய்திருக்கிறாள் என்றாள் நாத்தனார். புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி என் அம்மாவை அனுப்பினார்கள். நாத்தனாரின் வீட்டுக்காரர் பந்தலுக்கு நடுவில் நின்று அந்த முடிவை வாசித்தார். கொஞ்சம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பது மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். புருவத்துத் தழும்பு என்ற இடத்தில் அத்தனை பேரும் மதினியைப் பார்த்தார்கள்.

அப்போது எனக்குள் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். பயந்தேன்; அது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் பெருமையாக இருந்தது. நான் எழுதிய வாக்கியங்களை அறுபது பேர் மூச்சுவிடாமல் கேட்டார்கள். அதற்கு அடுத்ததாக, நல்லா வேணும் என்று இருந்தது. முப்பத்தெட்டு வாரம் ஓட்டையை என்னிடம் கொடுத்தாயே, இப்போது பார், என்று மனசுக்குள் மதினியிடம் சொன்னேன். அவள் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, மறுக்கவில்லை. என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி அண்ணாச்சி புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அந்தத் தாளைத் தடவினார். என் பக்கம் வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஏம்மா, இது கையெழுத்தால்லா இருக்கு. இது அந்த ஆளு எழுதுனதுதானா, இல்ல நீயா எதுவும் சேத்தியா?"

கேட்டவர் குரலில் கெஞ்சல் இருந்தது. நான் எழுதியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோபமெல்லாம் என் பக்கம் திரும்பியிருக்கும், அப்பாவுக்கு அவமானம், எனக்கு நாலு அடி. பாடையைத் தூக்கியிருப்பார்கள்.

"ஆமா அண்ணாச்சி. அச்சுல வந்ததப் பாத்துத்தான் எழுதுனேன்," என்றேன்.

மதினி பார்வையை எடுத்துக்கொண்டாள். அதன்பின் அவள் தன் மாமியாரின் முகத்தில் உட்கார வந்த ஈயை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

போலீஸ் வரவில்லை. அப்பாதான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மில் ஆஸ்பத்திரி டாக்டரைத் தேடிக் கூட்டிவந்தார். அவர் வெளியூர் போய்விட்டுத் திரும்ப மூன்று மணி ஆகிவிட்டது. அவர் பார்த்துவிட்டு, இருதயம்தான், இது நடக்கும் என்று முந்தாநாளே மகனிடம் சொல்லியிருந்தேன் என்றார். நாத்தனார் எழுந்தாள். ஆனால் மதினியின் பக்கம் திரும்பவில்லை. பிணத்தைத் தூக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் எங்கள் கரிசல் மண் ஆளை நடக்க விடாது. காலுக்கு ஒரு படி மண்ணைத் தூக்கிக்கொண்டு, சுடுகாட்டுப் பாதையில் தூக்கினவர்கள் வழுக்கி, பாடை ஒருபக்கம் சரிந்துவிட்டதாம். சொன்ன நேரத்துக்கு எடுத்திருந்தால் வெயிலில் போயிருக்கும். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு மகள் வரவில்லை. அதன்பிறகு எப்போதுமே வரவில்லை.

டாக்டர் சொன்ன பிறகும் லைனில் முதல் வீட்டுக் காப்பியை யாரும் வாங்கிக் குடிக்கவில்லை. இப்பத்தான் குடிச்சேன் மதினி என்பார்கள். சந்தேகம் என்று யாரும் சொல்லவில்லை. காப்பி மட்டும் வேண்டாம். வியாழக்கிழமைப் பத்திரிகை நின்றுபோனது. என்னிடம் மதினி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழாயடியில் என் குடம் அவள் குடத்துக்குப் பக்கத்தில் வந்தால் தள்ளிக்கூட வைக்கமாட்டாள். ஒருநாள் நானாகப் போய்ச் சொல்லிவிடலாம் என்று முதல் வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதைச் சாக்காக வைத்துத் திரும்பிவிட்டேன்.

இரண்டாயிரம் பிறப்பதற்கு முந்தைய வருடம் மில்லை மூடினார்கள். ஒவ்வொரு வீடாகக் காலியானது. மேஸ்திரி அண்ணாச்சி உப்பளத்தில் வேலை கிடைத்து மதினியின் ஊரான குளத்தூருக்குப் புறப்பட்டார். சாமான் ஏற்றிய அன்று மதினி எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு பிஸ்கட் டப்பாவை என் மடியில் வைத்தாள்.

திறந்தேன். அத்தனையும் வெட்டியெடுத்த கட்டங்கள். வாரவாரியாக அடுக்கி, நூல் போட்டுக் கட்டியிருந்தாள்.

"முப்பத்தேழு இருக்கு. ஒண்ணு எங்கிட்டயே இருக்கட்டும்."

எது என்று நான் கேட்கவில்லை.

"அன்னைக்கு பந்தல்ல இருந்து ரெண்டு எட்டு வச்சிருந்தா இந்த டப்பாவ எடுத்து அவிய எல்லாருக்கும் முன்னால போட்டிருப்பேன்," என்றாள் மதினி. "நீயாச் சொல்லுதியான்னு பாத்தேன்."

அவ்வளவுதான். அம்மாவிடம் வாரேன் என்று சொல்லிக்கொண்டு, லாரியின் முன்சீட்டில் ஏறிவிட்டாள்.

அவள் போனதும் டப்பாவைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு கட்டம்கூட முழுதாக நிறையவில்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு, மூன்று, ஐந்து என்று காலி இடம். நிறைந்தால்தான் அனுப்புவது என்று வைத்திருந்திருக்கிறாள். ஒன்றுமே நிறையவில்லை, ஒன்றையுமே அனுப்பவில்லை. எனக்கு அப்போதும் அவள்மேல் ஆத்திரம்தான் வந்தது. போஸ்ட் பண்ணாத காகிதத்துக்காகவா என் கதைகளை வெட்டினாய் என்று. அந்தக் காலி இடங்களில் முக்கால்வாசி எனக்குத் தெரிந்த விடைகள். குழாயடியில் அன்றைக்கு நான் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் ஒரு குக்கர் வந்திருக்கும் என்பது வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. கட்டங்களைத் திருப்பி, பின்பக்கத்தில் இருந்த முடிவுகளைப் படித்தேன். பத்துப் பன்னிரண்டு கதைகளில் அவரைவிட என் முடிவு நன்றாக இருந்தது. அதை இன்றைக்கும் சொல்வேன்.

மிச்சமிருந்த ஒன்றுதான் நெருஞ்சிமுள்ளாகக் குத்தியது. அந்தக் கிழவியைக் கொன்றது யார்? சில வருடம் கழித்து அதே எழுத்தாளரின் குற்றச் சிறுகதைகள் தொகுப்பாக அச்சில் வந்தது. தூத்துக்குடியில் ஒரு கடையில் பார்த்து, நின்ற இடத்திலேயே பொருளடக்கத்தை விரலால் தடவினேன். என் நாற்பதில் இருபத்தைந்துதான் எடுத்திருந்தார்கள். அந்தக் கதை இல்லை.

அதற்குள் எனக்குக் கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்திருந்தேன். கல்யாணத்துக்கு மதினியைக் கூப்பிட வேண்டாம் என்றேன். கேட்காமல், பழைய லைன்காரர்களில் ஒரு வீடு விடாமல் கல்யாணப் பத்திரிகை வைத்தாள் அம்மா. குளத்தூரிலிருந்து பஸ் மாறி, பட்டுச்சேலை கட்டி, மதினி வந்திருந்தாள். மேடைக்கு வந்து விபூதி பூசிவிட்டாள். கைப்பையைத் திறந்தபோது அந்த வெட்டிய காகிதத்தைத்தான் எடுக்கப்போகிறாள் என்று எனக்கு முதுகு வேர்த்தது. எடுத்தது குங்குமச்சிமிழ். பிறகு சாப்பாட்டுப் பந்தியில் என் மாமியாருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பாயசம் வரும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். மாலையும் கழுத்துமாக நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் மதினி ஒருதடவை சிரித்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

என் மாமியார் நல்ல மனுஷி. சத்தமாகப் பேசமாட்டார், குறை சொல்லமாட்டார். அவர் கையால் ஆக்கி அவர் கையால்தான் சாப்பிடுவார். பழக்கம் அப்படி என்று நினைத்தேன். நான்கு வருடம் அப்படியே போனது. ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. கட்டிலோடு படுத்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் நொய்க்கஞ்சி காய்ச்சி, ஆற்றி, டம்ளரில் ஊற்றிக்கொண்டு போய், தலையைத் தாங்கிப் பிடித்தேன். அவர் டம்ளரை வாங்கவில்லை.

"மொதல்ல நீ ஒரு மடக்கு குடி."

சூடு பார்க்கச் சொல்கிறார் என்று நினைத்து, ஆறிவிட்டது அத்தை என்றேன்.

"அதுக்கில்ல," என்றார். குரலில் கோபமெல்லாம் இல்லை. "ஒங்க லைன் வீட்டு மதினி கல்யாணத்தன்னைக்கே சொன்னாவ. புள்ளைக்கு நல்லா எழுத வரும், நெசம் மாதிரியே பொய் சொல்லும், கஞ்சி மட்டும் பாத்துக் குடிங்கன்னாவ."

என் வீட்டுக்காரர் வாசல்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் டம்ளரைத்தான் பார்த்தார். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பந்தலில் அன்றைக்கு மதினிக்கும் இதே வாய் இருந்தது, அவளும் திறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பதினாறு கொலைக்கும் சேர்த்து ஒரே வரியில் முடித்துவிட்டாள். அவள் எதிரில் இருந்திருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பேன்.

நான் ஒரு மடக்கு குடித்தேன். டம்ளரின் விளிம்பை முந்தானையால் துடைத்து நீட்டினேன். அத்தை கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அப்புறம் வாங்கிக் குடித்தார். படுக்கையில் இருந்த ஏழு மாதமும் வேளை தவறாமல் அப்படித்தான் குடித்தார்.